நான்கு மணி இறக்கம்

தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் புறப்பட்ட மூன்றாம் நாள் பிற்பகல். இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை காவல் என்னுடையது. நாற்பதடிப் பாய்ப்படகு, வடகிழக்கிலிருந்து பன்னிரண்டு நாட் (மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல்) காற்று, வானத்தில் பஞ்சுப் பொதிகளாக மேகம். கிரேட் நிகோபாரின் தென்முனை வடக்கே எங்கோ கண்ணுக்கு எட்டாமல் பின்னே போயிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத நாள். பதிவேட்டில் எழுதுவதற்காக நான்கு மணிக்குக் கீழே இறங்கிக் காற்றழுத்தமானியைப் பார்த்தேன். 1008.3 மில்லிபார். அன்று காலை பத்து மணிக்கு என் கையாலேயே 1011.6 என்று எழுதியிருந்தேன்.

ஆறு மணி நேரத்தில் மூன்று மில்லிபாருக்கு மேல் இறக்கம். படித்ததெல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் வழக்கத்தைவிட மூன்று மில்லிபார் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். ஐந்து குறைந்தால் புயல் பக்கத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துவரும் விதி இது. போன வாரம்தான் ஒரு புயலுக்காகத் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்திருந்தோம். வயிறு கலங்கியது. உறங்கிக்கொண்டிருந்த படகுக்காரரை எழுப்பிவிட்டேன்.

அவர் எழுபதை நெருங்கும் நியூசிலாந்துக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கோபிக்கவில்லை. மானியைப் பார்க்கக்கூட இல்லை. பதிவேட்டை எடுத்துப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, நான்கு மணிக் கட்டங்களின் மேல் மட்டும் விரலை வைத்துக் காட்டினார். நேற்று 1008.5. முந்தாநாள் 1008.1. அதற்கு முந்தைய நாள், நங்கூரத்தில் கிடந்தபோது, 1008.4. “வழக்கத்தைவிட என்று ஒரு சொல் அந்த விதியில் இருக்கிறது. அதை நீ படிக்கவில்லை” என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

வெப்பமண்டலத்தில் வளிமண்டலம் நாளுக்கு இருமுறை மூச்சுவிடுகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். பிற்பகல் நான்குக்கும் விடியற்காலை நான்குக்கும் தாழ்ந்து நிற்கும். கடலின் ஏற்ற இறக்கத்துக்கு நிலா காரணம் என்றால், இதற்குச் சூரியன் காரணம். மேலடுக்குகளில் உள்ள ஓசோனும் கீழடுக்கில் உள்ள நீராவியும் சூரிய வெப்பத்தை வாங்கி விரிவதால் எழும் அலை இது. நம் அட்சரேகைகளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மூன்று மில்லிபார் அளவுக்கு வேறுபாடு இருக்கும். தூத்துக்குடியில் என் தலைக்கு மேலும் இது பிறந்த நாள் முதல் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதில், கரை தெரியாத கடலில்தான் கவனித்தேன்.

ஐரோப்பாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு கடந்துபோனால் இருபது, முப்பது மில்லிபார் சரியும். இந்த மூன்று மில்லிபார் அந்த இரைச்சலில் காணாமல் போய்விடும். அங்கே எழுதிய பாய்ப்படகு நூல்களில்தான் நான் வானிலை படித்திருந்தேன். நம் கடலில் கடிகாரம்போல் நடக்கும் ஒன்றைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட நான் பார்த்ததாக நினைவில்லை.

இந்தப் பயணத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஊருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் அண்ணன். தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். இயந்திரம் பொருத்தாத பாய்த்தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். படகு எவ்வளவு நீளம், எத்தனை பேர், என்ன கருவி என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்து விவரங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “எந்த மாதம் மருமகனே?”

ஜனவரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். ஜூலை என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். “உன் அம்மாவிடம் சொல்லியிருப்பேன்.”

மாமாவுக்குக் காற்று என்றால் பொதுப்பெயர் கிடையாது. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து வந்தால் கச்சான், தெற்கே இருந்து வந்தால் சோழகம். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் திசை கொஞ்சம் விலகும். யாழ்ப்பாணத்துக்காரரின் சோழகமும் எங்கள் ஊர்ச் சோழகமும் ஒன்றல்ல. (தென்றலைக் கவிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள், கடலில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.) பெயரைச் சொன்னாலே மாதமும் கூட வந்துவிடும். கச்சான் உரத்து வீசும் மாதங்களில் மாலத்தீவுக்குத் தோணி போகாது. பாயைச் சுருட்டிப் பழுது பார்ப்பார்கள். இதை அவர்கள் வானிலை அறிவு என்று நினைக்கவில்லை. ஐப்பசியில் அடைமழை என்பதைப்போல, இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

என்னைப்போல் கரையிலிருந்து வந்தவனுக்கு அதையே வரைபடமாகத்தான் தரவேண்டியிருக்கிறது. பைலட் சார்ட் என்பார்கள். மாதத்துக்கு ஒரு தாள். கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு வட்டம்; அதிலிருந்து முள்ளம்பன்றிபோல் அம்புகள். அம்பின் நீளம், அந்தத் திசையிலிருந்து நூற்றுக்கு எத்தனை முறை காற்று வருகிறது என்பது. அம்பின் வாலில் உள்ள இறகுகளின் எண்ணிக்கை, காற்றின் வலு. வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும்: நூற்றுக்கு எத்தனை முறை காற்றே இல்லை என்பது. தெற்கு வங்கக் கடலின் ஜனவரித் தாளில் வடகிழக்கு அம்பு மட்டும் நீண்டு கிடக்கும். ஜூலைத் தாளை எடுத்தால் அம்பு திசை மாறித் தென்மேற்கிலிருந்து வரும், இறகும் கூடியிருக்கும். இலங்கைக்குத் தெற்கே நீரோட்டமும் அப்படித்தான்: வாடைக் காலத்தில் மேற்கே ஓடும், கச்சான் காலத்தில் கிழக்கே ஓடும். வடக்கே ஆசியா என்னும் பெருநிலம் கோடையில் காய்ந்தும் குளிரில் ஆறியும் செய்யும் வேலை இது.

இந்தத் தாள்களின் மூலவர் மாத்யூ ஃபோன்டைன் மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1839இல் கோச்சு வண்டி விபத்தில் கால் முறிந்து, கப்பலேற முடியாமல் போனவர். வாஷிங்டனில் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பாக உட்காரவைத்தார்கள். அங்கே யாரும் சீந்தாத பழைய கப்பல் பதிவேடுகள் குவிந்து கிடந்தன. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்தக் காற்று என்று அவற்றிலிருந்து பிரித்தெடுத்து, 1847இல் முதல் வரைபடத்தை வெளியிட்டார். கடலுக்குப் போக முடியாதவர் கடலில் போனவர்களின் அலுப்பூட்டும் குறிப்புகளைப் படித்தே செய்த வேலை. அந்த அலுப்புதான் அதன் மதிப்பு. மாலுமிகள் புயலை மட்டும் எழுதி, சும்மா இருந்த நாட்களை விட்டிருந்தால் அந்த வரைபடம் வந்திருக்காது.

இன்று செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக நடுக்கடலில் முன்னறிவிப்பு இறங்குகிறது, பிறகு இந்தத் தாள் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கணக்கு எளியது. எங்கள் படகின் வேகம் ஐந்தரை நாட், நாளுக்கு 130 மைல். புக்கெட்டிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 1,100 கடல் மைல், ஆக எட்டு, ஒன்பது நாள். முன்னறிவிப்பை நான்கு, ஐந்து நாட்களுக்கு நம்பலாம். அதற்கு மேல் போகப் போக அது நாகரிகமான ஜோசியம். பயணத்தின் பின்பாதியை முன்னறிவிப்பு இல்லாமல்தான் தொடங்குகிறோம். ஐந்தரை நாட்டில் போகிற படகு, பத்து நாட்டில் நகர்கிற புயலிடமிருந்து ஓடித் தப்பவும் முடியாது. எனவே பெரிய தீர்மானம் கரையிலேயே, நாள்காட்டியைப் பார்த்தே முடிந்துவிடுகிறது. வங்கக் கடலில் புயல் பிறப்பது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். ஜனவரி முதல் மார்ச் வரை அபூர்வம்.

உலகைச் சுற்றுகிறவர்களுக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது. இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்ப்படகில் புதுச்சேரிக்காரரான ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுக்காரரான தில்னாவும் இருவர் மட்டுமே உலகைச் சுற்றி வந்தார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். கோவாவிலிருந்து புறப்பட்டது 2024 அக்டோபர் 2. தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையைக் கடந்தது 2025 பிப்ரவரி நடுவில். தென்கோடியில் அது கோடைக் காலம். அந்த முனையில் எந்த மாதம் நிற்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கோவாவில் கயிறு அவிழ்க்கும் நாள் வந்துவிடுகிறது. அவர்கள் மே 29 அன்று ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டு பருவமழை ஜூன் 1க்குக் காத்திருக்காமல் மே 24 அன்றே கேரளத்தில் இறங்கிவிட்டது. நாள்காட்டியைக் காற்று படிப்பதில்லையே.

எங்களுக்கும் அப்படி ஒன்று நடந்தது. நாங்கள் புறப்படத் திட்டமிட்டிருந்தது 2019 ஜனவரி 3. அதற்குள் தென்சீனக் கடலில் பாபுக் என்ற புயல் உருவாகித் தாய்லாந்து வளைகுடாவுக்குள் வந்துகொண்டிருந்தது. ஜனவரியில், அந்த இடத்தில், புயல்! ஜனவரி 4 நண்பகலில் நகோன் சி தம்மரத் மாகாணத்தில் கரையேறி, ஒடுங்கிய அந்த நிலத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் இறங்கியது. எங்கள் பாதைக்குள்ளேயே. நாங்கள் புக்கெட்டின் சாலோங் விரிகுடாவில் இரண்டு நங்கூரம் போட்டுக் கிடந்தோம்.

அன்று படகுக்காரர் எனக்கு ஒரு வித்தை காட்டினார். மழைச்சட்டையோடு மேலே நிற்கவைத்து, காற்றுக்கு நேராக முகத்தைத் திருப்பச் சொன்னார். காற்று வடமேற்கிலிருந்து வந்தது. “வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டு. கொஞ்சம் பின்னால் தள்ளு. புயல் அங்கே இருக்கிறது.” கை வடகிழக்கைக் காட்டியது. புயலின் மையம் அப்போது வளைகுடாப் பக்கம். சில மணி நேரம் கழித்துக் காற்று மேற்குக்குத் திரும்பியது. கை வடக்கைக் காட்டியது. இரவில் தென்மேற்கு, கை வடமேற்குக்குப் போனது. மழைத்தாரையைத் தவிர ஒன்றும் தெரியாத இருட்டில், ஒரு புயல் எங்கள் தலைக்கு வடக்கே நிலத்தைக் கடந்து கடலுக்குள் இறங்குவதை என் சொந்தக் கையால் பின்தொடர்ந்தேன். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதி இது. வட அரைக்கோளத்தில் காற்று தாழ்வு மையத்தைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவதால் இப்படி.

காற்று எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. அன்று அது வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று கடிகார முள்ளுக்கு எதிராகத் திரும்பியது. அப்படியானால் புயலின் பாதைக்கு இடப்பக்கத்தில் இருக்கிறோம். இரண்டு பக்கங்களில் சாதுவான பக்கம். முள்ளின் போக்கில் திரும்பியிருந்தால் வலப்பக்கம். அங்கே புயல் நகரும் வேகமும் சுழலும் வேகமும் ஒன்றோடொன்று கூடிவிடும். கடலில் அகப்பட்ட கப்பலை அந்தப் பக்கத்துக் காற்று புயலின் பாதைக்கே தள்ளிக்கொண்டும் போகும்.

சைக்ளோன் என்ற பெயரே நம் கடலில்தான் பிறந்தது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் வங்கக் கடல் கப்பல்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் அதை உருவாக்கினார். சிறுவனாக இருந்தபோது எனக்குத் தெரிந்த புயல் கலைச்சொல் வேறு: கூண்டு. ‘துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் கூண்டு ஏற்றம்’ என்று செய்தித்தாளில் வரும். புயலைப் பிடித்து அடைக்கும் கூண்டு என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பெரிய புயலுக்குப் பெரிய எண் கூண்டு. அதனால்தான் 10 வரை போகிறது என்று தம்பிக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். கடலில் இருக்கும் கப்பல்கள் தொலைவிலிருந்தே பார்ப்பதற்காகக் கம்பத்தில் ஏற்றும் கூம்பும் உருளையும்தான் அவை. இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 11ஆம் எண் என்று ஒன்றும் உண்டு: தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதற்குப் பொருள். கூண்டு எண்களிலேயே என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

ஏனென்றால் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கடலில் இருந்தவர்களுக்கு எந்தக் கூண்டும் தெரிந்திருக்காது. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி முற்பகலில் குமரிக் கடலில் அது புயல். இடையில் ஒரே நாள். ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு முன்பே கைப்பேசி எட்டாத தொலைவுக்குப் போயிருந்தார்கள். கடலை அறியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. பல நாளில் நடக்கவேண்டியது ஒரு நாளில் நடந்தது. அதைச் சொல்லும் வழியும் அவர்களை எட்டவில்லை.

ஜனவரி 10 அன்று, பாபுக் வலுவிழந்து கரைந்த பிறகு, கிளம்பினோம். நான்கு மணிக் கூத்து அதற்கடுத்த இரண்டாம் நாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதைப் பார்த்தாலும் நேற்று எப்படி இருந்தது என்று பதிவேட்டைப் புரட்டினேன்.

ஐந்தாம் நாள் காற்று சோர்ந்தது. கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்க, தெற்கு, தென்மேற்கிலிருந்து நீண்ட அலைமேடுகள் படகுக்கு அடியில் புகுந்து வெளியேறின. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே கைக்கடிகாரத்தில் எண்ணினேன்: 15 விநாடி. இங்கே அடிக்கும் காற்றால் இப்படி ஒரு அலை எழாது. 15 விநாடி அலைக்கூட்டம் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்யும். கணக்குப் போட்டால் ஐந்தாறு நாட்களுக்கு முன் தெற்கே நாற்பது பாகைகளுக்கும் அப்பால், யாரும் இல்லாத கடலில் வீசிய பெருங்காற்றின் மிச்சம் அது. இதுவே மிகுந்து கரையில் ஏறினால் குமரியிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்பார்கள். வெயிலடிக்கும், காற்று இருக்காது, கடல் மட்டும் திருடனைப்போல் வீட்டுக்குள் வரும். நடுக்கடலில் அது தொட்டில். நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையும் மாலையும் இறங்கும் முன்னறிவிப்புக் கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசியில் வண்ணவண்ணமாகக் காற்று ஓடும் படத்தை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அமெரிக்கர்களின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரியின் கோப்பு உலகைக் கால் பாகைக் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் அகலமுள்ள மழைச்சூறை அதன் கண்ணில் ஒழுங்காகப் படாது. ஏழாம் நாள் இரவு படத்தில் எங்களைச் சுற்றிச் சாந்தமான நீலம். மேலே, கிழக்கில் அடிவானத்திலிருந்து விண்மீன்கள் கீழ்வரிசையாக அணைந்துகொண்டே வந்தன. முதுகில் பட்ட காற்று சட்டெனக் குளிர்ந்தது. பாயை இரண்டு மடிப்பு சுருக்கி முடிப்பதற்குள் முப்பது நாட் காற்று வந்து மோதியது, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. இருபது நிமிடம். பிறகு மறுபடி விண்மீன். படம் சொன்னதும் பொய்யில்லை. சராசரியைத்தான் அது சொன்னது.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்குத் தெற்கே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெடுஞ்சாலை லாரிகள்போல் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கும் கரைக்கும் நடுவில், பின்னாலிருந்து தள்ளும் காற்றும் மேற்கே ஓடும் நீரோட்டமுமாக, ஒன்பதாம் நாள் காலிக்குள் நுழைந்தோம். உள்ளங்கை ஆற இரண்டு வாரம் ஆயிற்று.

படகுக்காரர் பிரியும்போது பழைய பித்தளைக் காற்றழுத்தமானி ஒன்றைக் கொடுத்தார். ஊரில் முன்னறைச் சுவரில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். கிறிஸ்துமஸுக்கு வந்த மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் காலத்தில் தோணியில் இப்படி ஒன்று இருந்ததில்லை. விரல்நுனியால் இருமுறை தட்டினார். முள் சற்றே அசைந்து 1009இல் நின்றது. பிற்பகல் நான்கு மணி இருக்கும். நான் அந்தமான் கதையைத் தொடங்குவதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

“நேற்று இந்நேரம் எவ்வளவு இருந்தது?” என்றார்.

நான் எழுதி வைக்கவில்லை.